கணிப்பொறியும் வெப்பமும்

மடிக்கணினி சுடுகிறது என்று முறையிடாத ஆசிரியர் இன்று நம் பள்ளிகளில் அரியர். "காய்ச்சல் வந்துவிட்டது" என்பார் ஒருவர். "மூச்சு வாங்குகிறது" என்பார் மற்றொருவர். மதிப்பெண்களைப் பதிவு செய்துகொண்டிருக்கையிலோ, மாணவர்க்குப் படம் காட்டிக்கொண்டிருக்கையிலோ, உள்ளிருக்கும் விசிறி இரைந்து, திரை தயங்கி, முடிவில் கருவி தானே அணைந்துவிடுகிறது. கருவி பழுது என்று உடனே தீர்ப்பும் எழுதப்படுகின்றது. அவ்வாறு தீர்ப்பிடப்பட்டவை பள்ளி அலமாரிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. புதியது வாங்கும் வசதி எல்லாப் பள்ளிகட்கும் இல்லை; தோட்டப்புறப் பள்ளிகளைச் சொல்லவே வேண்டா. ஆயின், ஒதுக்கப்பட்டவற்றுட் பல உண்மையிற் பழுதானவை அல்ல. சூடு வெளியேற வழியின்றித் தம்மைத் தாமே காத்துக்கொண்டவை அவை.

இவ்வேறுபாட்டை உணர்வதற்கு மருந்துச் சீட்டுப்போல் நாலு குறிப்புகள் போதா. கணிப்பொறிக்கும் வெப்பத்திற்கும் இடையே தொடக்கமுதல் நடந்துவரும் வழக்கினைச் சிறிது அறிதல் வேண்டும். அவ்வழக்கின் ஒரு பகுதி நம் பினாங்குத் தீவிலேயே, பாலிக் புலாவிலிருந்து மலையைச் சுற்றிச் சென்றால் எட்டிவிடக்கூடிய இடத்திலேயே நடந்தது என்பதைப் பலர் நினைப்பதில்லை.

கம்பியின் வழியே மின்னோட்டம் செல்லுங்கால் கம்பி சூடேறும். இதனை அளந்து விதியாக வகுத்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கிலேயர். மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில், மது வடிக்கும் தொழில் செய்த குடும்பத்திற் பிறந்தவர். 1840, 1841-ஆம் ஆண்டுகளில், இருபத்திரண்டு வயதளவில், அவர் கண்ட விதி இது: மின்னோட்டம் இருமடங்கானால் அதனால் விளையும் வெப்பம் நான்மடங்காகும். இவ்விதியை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். ஆயின் கணிப்பொறியைப் பொறுத்தவரை அதன் பொருள் எத்துணைக் கடுமையானது என்பது பாடநூலில் வருவதில்லை. மாவரைக்கும் பொறி, தான் உண்ட மின்சாரத்தில் ஒரு பங்கை அரைக்கும் வேலையிற் செலவிடுகிறது. விளக்கு ஒரு பங்கை ஒளியாக்குகிறது. கணிப்பொறியோ கணக்குப் போடுகிறது. கணக்கின் விடைக்கு எடையும் இல்லை, அசைவும் இல்லை. ஆகவே உள்ளே சென்ற மின்சாரம் ஏறக்குறைய அனைத்தும் வெப்பமாகவே வெளிவந்தாக வேண்டும். 1961-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் ரால்ப் லாண்டவர் இன்னும் ஒருபடி ஆழமாகச் சென்றார். பொறி தன் நினைவிலிருந்து ஒரு சிறு செய்தித் துணுக்கை அழித்தாலும் குறைந்தபட்சம் ஓரளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று அவர் காட்டினார். அந்த அளவு மிக மிக நுண்ணியது. இன்றைய பொறிகள் அதனினும் பன்மடங்கு மிகுதியாகவே சூட்டைக் கக்குகின்றன. எனினும், மறதிக்கும் இயற்கை ஒரு விலை வைத்திருக்கின்றது என்பது வியப்புக்குரியதன்றோ!

முதற் பெரும் மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்றான 'எனியாக்', 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்குக் காட்டப்பட்டது. எடை 30 டன் அளவு. அதனுள் இருந்த வால்வுகள் ஏறத்தாழ 18,000. நம்மில் மூத்தோர் பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தே இவ்வால்வுகளைக் கண்டிருப்பர். பெட்டியை முடுக்கியதும் அவை மெல்லக் கனன்று சிவக்கும். சிறிது பொழுது கழித்தே பாட்டு எழும். நாலைந்து வால்வுகள் கொண்ட பெட்டியே மேலே கைவைக்கச் சுடும். பதினெண்ணாயிரம் வால்வுகள் ஒருங்கே கனன்றால் என்னாகும்? அப்பொறி உண்ட மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோவாட். அஃதாவது, 150 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே கூடத்தில் ஒருங்கே சூடேற்றி வைத்ததற்கு ஒப்பாகும். ஆகவே பொறியைக் கட்டியவர்கள், கணக்கிடும் பகுதியோடு காற்றை உந்தித் தள்ளும் பெருவிசிறிகளையும் சேர்த்தே கட்டினர். சூடு வரம்பு கடந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பும் அதில் இருந்தது. இன்று நம் மடிக்கணினி சொல்லாமற் கொள்ளாமல் அணைந்து போகிறதே, அதன் மூதாதை அதுவே.

எனியாக்கைப் பேணியவர்கள் மற்றோர் உண்மையையும் கண்டனர். வால்வுகள் பெரும்பாலும் செயின்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதன்று. பொறியை முடுக்கும்போதும் அணைக்கும்போதுமே. குளிர்ந்த பொருள் சூடேறுங்கால் விரிகிறது. சூடேறியது குளிருங்கால் சுருங்குகிறது. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, அலுத்துப்போய் முறிகிறது. எனவே பொறியை அணைக்காமலே வைத்திருக்க முற்பட்டனர். இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்க; மீண்டும் வேண்டப்படும்.

1947-ஆம் ஆண்டு இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கனலவேண்டிய தேவை இல்லாத சிறு பொருள் அது. 1958, 1959-ஆம் ஆண்டுகளில் ஜாக் கில்பியும் ராபர்ட் நாய்ஸும் தனித்தனியே பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அமைக்கும் வழியைக் கண்டனர். நோய் தீர்ந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். நடந்தது வேறு. ஒருவர் உடம்பின் சூடு ஒரு பெரிதன்று. தைப்பூசக் கூட்டத்தில் நெருக்கி நிற்கும்போது தெரியும் அதன் பெருமை! 1971-ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட '4004' என்னும் சில்லில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 2,300. 2020-ஆம் ஆண்டில் ஆப்பிள் வெளியிட்ட 'எம்-1' சில்லில் இருந்தவை 1,600 கோடி. இவ்வளவு நெருக்கத்தைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், 1974-ஆம் ஆண்டில் ராபர்ட் டென்னார்டு என்பவரும் அவர்தம் துணைவரும் காட்டிய ஒரு நெறி. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்குந்தோறும் அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் அதே அளவிற் குறைத்துவந்தால், ஒரு சதுர அங்குலத்தில் எழும் வெப்பம் கூடாது என்பதே அந்நெறி. முப்பது ஆண்டுகள் தொழில் முழுதும் இவ்வொரு நெறியின் நிழலில் வாழ்ந்தது.

குளிர்ச்சி யாருக்காக வந்தது?

இவ்விடத்தில் சற்றே விலகி, குளிரூட்டும் கலையின் பழங்கதையை நோக்குவோம். வெப்ப நாட்டில் வாழும் நமக்கு அக்கதையில் ஒரு தனி அக்கறை உண்டு.

மனிதன் கையால் குளிர்ச்சியை உண்டாக்க முயன்றதெல்லாம் மனிதன் பொருட்டே என்று நாம் கருதுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1833-ஆம் ஆண்டில் பிரெடெரிக் டியூடர் என்னும் பாஸ்டன் நகரத்து வணிகர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கள் பயணம். ஏற்றியது 180 டன். உருகியது போகக் கரை சேர்ந்தது 100 டன் அளவு. வணிகம் செழித்தது, 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலும் பனிக்கட்டிக்கென்று ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தர் 1897-இல் தங்கியதால் அவர் பெயரை இன்று தாங்கி நிற்கும் மாளிகை அதுவே. ஆயினும் திருவல்லிக்கேணி மக்கள் நாவில் அது இன்றும் 'ஐஸ் ஹவுஸ்'தான். அப்பனிக்கட்டியின் பெரும்பகுதி வெள்ளையர்தம் மதுக் கோப்பைக்கும் வெண்ணெய்க்கும் சென்றது. அதே காலத்தில் அவர்தம் மாளிகைகளில் மேற்கூரையிற் கட்டிய பங்காவை நம்மவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தனர். இழுத்தவனுக்கு வீசியவர் இலர்.

நோயாளிக்காகக் குளிர்ச்சியை உண்டாக்க முயன்றவர் ஒருவர் இருந்தார். புளோரிடாவில் மருத்துவராயிருந்த ஜான் கோரி, காய்ச்சற் படுக்கையிற் கிடந்தாரின் துயர் கண்டு, பனிக்கட்டி செய்யும் பொறியொன்றை அமைத்து 1851-இல் காப்புரிமையும் பெற்றார். அதனைத் தொழிலாக வளர்ப்பதற்குப் போதிய முதல் கிட்டவில்லை. 1855-இல் அவர் நொந்தே மாய்ந்தார்.

இன்று நாம் 'ஏர்கான்' என்று வழங்கும் பொறியின் தந்தை வில்லிஸ் கேரியர். 1902-ஆம் ஆண்டில் அவர் அதனை அமைத்தது நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ளினில், ஓர் அச்சகத்தில். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரியும், வறண்டால் சுருங்கும். ஒரு வண்ணத்தின்மேல் மறு வண்ணத்தை அச்சிடும்போது இடம் பிசகும். அச்சுத் தொழில் அறிந்த அன்பர்கட்கு இவ்விடர் நன்கு விளங்கும். காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கவே கேரியர் அப்பொறியை அமைத்தார். தாளுக்கு வந்த குளிர்ச்சி, தாளை அச்சிட்டவனுக்கும் உடன் கிடைத்தது. அவ்வளவே. இதனை மனத்திற் கொண்டு நம் தீவிற்குத் திரும்புவோம்.

மலைக்கு அப்பால்

'பாலிக் புலாவ்' என்ற மலாய்ப் பெயருக்குத் தீவின் மறுபுறம் என்பது பொருள். ஜார்ஜ் டவுன் நகரிலிருந்து நோக்குவார்க்கு மலைக்கு அப்பால் மறைந்திருக்கும் பகுதி இது. இடையில் நிற்கும் கொடிமலைக்கு வெள்ளையர் ஏறியதே வெப்பத்திற்கு அஞ்சித்தான். 1923-ஆம் ஆண்டில் மலைமேற் செல்லும் இழுவை இரயில் ஓடத் தொடங்கியது. மலையின் இப்பக்கத்தில் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு, பால்மரம். தென்கிழக்கே தெலுக் கும்பார் வழியாகச் சென்றால் பாயான் லெப்பாஸ். ஒரு காலத்தில் நெல் வயலாகக் கிடந்த நிலம் அது.

1969-ஆம் ஆண்டில் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்தது. வணிகம் தளர்ந்தது, இளைஞர்க்கு வேலையில்லை. அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ அவர்கள், வெளிநாட்டுத் தொழில்களை அழைத்துவர முனைந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிகத் தொழில் வட்டாரம் உருவாயிற்று. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட்-பேக்கார்டு, ஹிட்டாச்சி, பாஷ் முதலிய நிறுவனங்கள் வந்தன. இவற்றுள் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இதுவே. 1975-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையைத் தீ தின்றது, மீண்டும் கட்டினர்.

இங்கு நடந்த வேலை என்ன? சில்லுகளை உருவாக்கும் முதற்பணி அமெரிக்காவில் முடிந்துவிடும். அவற்றை ஒன்றொன்றாகப் பிரித்து, கூட்டில் அமர்த்தி, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியால் கால்களோடு இணைத்து, மூடி, சோதித்து அனுப்பும் பணி இங்கு. நுண்ணோக்கியின் மீது குனிந்து அவ்விழைகளைத் தைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய்க் கம்பங்களிலிருந்து வந்தோர், சீனக் குடும்பத்தார், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் என மூவினத்தாரும் அவருள் இருந்தனர். தொழிற்சாலைப் பேருந்து ஏறி விடியுமுன் சென்று, அல்லது இரவு முழுதும் விழித்திருந்து, திரும்பியவர்கள்.

அவர்கள் வேலைசெய்த கூடம் குளிரூட்டப்பட்டது. சில்லுக்குத் தூசியும் ஆகாது, ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. பல தோட்ட லயங்களில் முழுநேர மின்சாரமே எட்டாத அக்காலத்தில், தகரக் கூரையின்கீழ் இரவெல்லாம் புழுங்கிய பெண், காலையில் சில்லுக்காகக் குளிர்ந்திருந்த கூடத்திற் சென்று அமர்ந்தாள். புரூக்ளின் அச்சகத்துத் தொழிலாளிக்கு வாய்த்த அதே குளிர்ச்சிதான் அவளுக்கும் வாய்த்தது. தாளின் இடத்தில் சில்லு. நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் பால்மரத்தையும் வெட்டுக்கத்தியையும் பாடியிருக்கின்றனர். அக்குளிர்ந்த கூடத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அப்பெண்கள் இன்று பாட்டிகளாக நம்மிடையே வாழ்கின்றனர். கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

அத்தொழிலில் இன்னொரு முறை உண்டு. செய்து முடித்த சில்லுகளை 125 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிய உலைப்பெட்டியில் இட்டு, மின்சாரமும் ஊட்டி, பல மணிநேரம் வாட்டுவர். பிறவியிலேயே குறையுள்ளவை அச்சூட்டில் விரைந்து மடியும். அவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியவற்றை விற்பர். பொன்னை உருக்கிப் பார்க்கும் பழைய சோதனையின் புதிய வடிவம் எனலாம். ஆதலின், மடிக்கணினி சூடேறி அணைந்ததும் "சில்லு எரிந்துவிட்டது" என்று நாம் கூறுவது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. நீரின் கொதிநிலையைக் கடந்த சூட்டில் வாட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கமுடைய பொருள், நம் வகுப்பறைச் சூட்டில் எளிதில் மாய்வதில்லை. சூட்டை வெளியேற்றும் வழியே அடைபட்டிருக்கும்.

மடியில் ஏறிய பொறி

அவ்வழி எத்தகையது என்று காண்போம். பெருங்கணிப்பொறிகளுக்கு இடமும் பொருளும் தாராளம். ஐ.பி.எம். தன் பெரும் பொறிகளுக்குள் நீரை ஓடவிட்டது. 1985-இல் வந்த 'கிரே-2' பொறியின் சுற்றுகள், மின்சாரம் கடத்தாத ஒருவகை நீர்மத்தில் மூழ்கியே கிடந்தன. மடியில் வைக்கும் பொறிக்கு இவையெல்லாம் ஏது?

1982-ஆம் ஆண்டில் வந்த 'கிரிட் காம்பஸ்' என்பது புத்தகம்போல் மூடித் திறக்கும் முதற் கணிப்பொறிகளுள் ஒன்று. அதற்கு விசிறியே இல்லை. மக்னீசிய உலோகத்தாலான அதன் கூடே சூட்டை வாங்கி வெளியே விட்டது. அமெரிக்க விண்வெளி ஓடங்களில் அதனைக் கொண்டுசென்றபோது மட்டும் விசிறி சேர்க்கவேண்டி வந்தது. காரணம் சிந்திக்கத்தக்கது. தரையில், சூடான காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தைக் குளிர்ந்த காற்று நிரப்பும். எடையற்ற வெளியில் காற்றுக்கு மேலும் கீழும் இல்லை. சூடான காற்று சூடான பொருளையே சுற்றிக் கிடக்கும். மெத்தைமேல் வைத்த மடிக்கணினியின் நிலையும் இதனின் வேறன்று.

பின்னர் வேகம் கூடக்கூட, உலோகக் கூடு போதாமல், மடிக்கணினிக்குள் இரண்டு பொருள்கள் புகுந்தன. ஒன்று சிறு விசிறி. மற்றொன்று வெப்பக் குழாய். பின்னதைப் பற்றிச் சிறிது விரித்துரைக்கலாம். வெளிப்பார்வைக்குத் தட்டையான செப்புக் கம்பி போலிருக்கும் அது உண்மையில் உள்ளீடற்ற குழாய். காற்று நீக்கி, சிறிதளவு நீர் விட்டு, இருமுனையும் அடைக்கப்பட்டது. சில்லைத் தொடும் முனையில் நீர் சூடேறி ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே விசிறிக்காற்றாற் குளிர்ந்து நீராகும். அந்நீரைக் குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி, அகல்விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, மீண்டும் சூடான முனைக்குக் கொண்டுசேர்க்கும். சித்த மருத்துவர் வாலையில் வடிப்பது இம்முறையிலன்றோ? வாலையில் வடித்ததை எடுத்துக்கொள்வர். இங்கே அது திரும்பத் திரும்பச் சுற்றும். இதற்கு முதற் காப்புரிமை பெற்றவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்து ரிச்சர்டு காக்லர், ஆண்டு 1944. எவரும் பொருட்படுத்தவில்லை. 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே அதனை மீண்டும் கண்டுபிடித்தார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட அக்குழாய் இன்று பெரும்பாலான மடிக்கணினிகளின் மூடியைத் திறந்தால் உள்ளே படுத்திருக்கிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நெருக்கடி முற்றியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய பொறியாளர் மாநாட்டில், அந்நாள் இன்டெல் அதிகாரிகளுள் ஒருவரான பாட் கெல்சிங்கர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இதே போக்கிற் சென்றால் சில்லில் எழும் வெப்ப நெருக்கம் அணு உலையை எட்டி, இராக்கெட்டின் வாயை எட்டி, பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்றார். மிகையன்று. இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எழும் வெப்பம் 5, 6 வாட். கட்டைவிரல் நகத்தளவுள்ள சில்லில் 45 வாட் எழுமானால் அது சதுர சென்டிமீட்டருக்கு 30 வாட் அளவாகிறது. நம் சட்டையைத் தேய்க்கும் சூட்டைப்போல் ஐந்து மடங்கு!

டென்னார்டின் நெறியும் அவ்வேளையில் தளர்ந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. 2004-ஆம் ஆண்டில் இன்டெல் தான் வகுத்துவந்த அதிவேகச் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வரவிருந்த 'பென்டியம் 4' சில்லும் கைவிடப்பட்டது. வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதை விடுத்து, ஒரு வேலையைப் பல கூறாக்கிப் பகிர்ந்து செய்யும் வழிக்குத் தொழில் முழுதும் திரும்பியது. அத்திருப்பத்திற்கு வழிகாட்டியாய் அமைந்தது மடிக்கணினிக்கென்றே 2003-இல் வந்த 'பென்டியம் எம்' என்பது கருதத்தக்கது. இசுரேலின் ஹைபா நகரில் வகுக்கப்பட்ட அச்சில்லு, வேகத்திற் குறைந்து, வேலையிற் குறையாமல் இருந்தது. பெரியவை சிறியவற்றுக்கு வழிகாட்டுவதே உலக வழக்கம். இங்கே மடியிலிருந்த சிறியது மேசைமேல் இருந்த பெரியதற்குப் பாடம் சொல்லிற்று. 2020-இல் எம்-1 சில்லோடு வந்த 'மேக்புக் ஏர்' மடிக்கணினியில் மீண்டும் விசிறி இல்லை.

முன்னே எனியாக் வால்வுகளைப் பற்றி நினைவிற் கொள்ளச் சொன்னது ஈண்டு வேண்டப்படுகிறது. 2008-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்காகத் தான் விற்ற சில படச்சில்லுகளின் இணைப்புப் பொருள் வலுக்குறைவால் பழுதாகின்றன என ஒப்புக்கொண்டு, அதற்காகப் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. சூடும் குளிரும் மாறிமாறி வந்ததால் இணைப்புகள் விரிந்து சுருங்கி வெடித்தன. அறுபது ஆண்டுகள் கழித்தும் அதே பகை.

நம் வகுப்பறையில்

இவ்வரலாறெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டார் வகுத்தது. 20 பாகை அறையில் அமர்ந்து வகுத்த கருவி, பாலிக் புலாவின் பிற்பகல் 33 பாகையில் என்ன செய்யும்? கணக்கு எளிது. சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கும் எல்லை பெரும்பாலும் 100 பாகையை ஒட்டியது. 20 பாகை அறையில் சில்லுக்கும் காற்றுக்கும் இடைவெளி 80. நம் அறையில் 67. வெப்பம் வெளியேறும் அளவு இவ்விடைவெளியைப் பொறுத்தது. ஆகவே அதே விசிறி, அதே குழாய், இங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே சூட்டை வெளியேற்றும். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் 250-க்கு மேற்பட்ட பள்ளிகள் வெப்பத்தால் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய சூடு பொறிகளை மட்டும் விட்டுவைக்குமா?

எனினும் ஆறில் ஒரு பங்கு என்பது தாங்கத்தக்கதே. தாங்கமுடியாதது தூசி. விசிறி உந்தும் காற்று, நெருக்கமான மெல்லிய செப்புத் தகடுகளின் இடுக்கு வழியே வெளிச்செல்ல வேண்டும். அவ்விடுக்கில் சுண்ணக்கட்டித் துகளும் பஞ்சும் வந்து தங்கும். நம் காற்றின் ஈரத்தில் அது வெறும் தூசியாக இராது. கம்பளித் துண்டுபோற் படியும். விசிறி இரையும், காற்று வாராது. ஆசிரியர் பயிற்சியில் எம் தலைமுறைக்குச் சொல்லப்பட்ட பாடமொன்று உண்டு: மாணவன் விடை பிசகினால், அவனைக் குறைகூறுமுன் அவன் அமர்ந்த இடத்தையும் கேட்ட வினாவையும் பார். மடிக்கணினிக்கும் இது பொருந்தும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பாடமெல்லாம் வீட்டுக்குப் பெயர்ந்தபோது, கருவிகள் மெத்தையிலும் தலையணையிலும் பாயிலும் வைத்து இயக்கப்பட்டன. அடியிலுள்ள காற்றுத்துளைகள் துணியால் அடைபட்டன. பஞ்சும் உள்ளே சென்றது.

செய்யவேண்டுவது என்ன? கருவியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து, உள்ளே மின்கலத்தின் இணைப்பையும் எடுத்துவிட்டு, விசிறியை ஒரு குச்சியால் சுழலாமற் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தகட்டு இடுக்கைத் துடைக்க வேண்டும். விசிறியைப் பிடிக்காமல் ஊதினால் அது வெறிகொண்டு சுழன்று கெடும். சில ஆண்டுகள் ஆன கருவியாயின், சில்லுக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையே தடவிய பசை உலர்ந்து கட்டியாகியிருக்கும். பழையதைத் துடைத்தெடுத்துப் புதிய பசை இடவேண்டும். இது பழகிய கையால் நடத்தல் நலம். கீழே வைக்கும் விசிறிப் பலகையைக் கடையில் ஆவலோடு வாங்குகின்றனர். தகட்டிடுக்கு அடைபட்டிருக்கையில் வெளியே எத்தனை விசிறி வைத்தும் பயன் சிறிதே. கருவியின் மின்சக்தி அமைப்பில் உச்சவேகத்தைச் சற்றே குறைத்து வைத்தல் அதனினும் நன்று. மதிப்பெண் பதிவுக்கும் பாடம் எழுதுவதற்கும் அவ்வேகம் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் எவரும் செய்தலாகாது. சூடேறிய கருவியின் அடியில் பனிக்கட்டிப் பை வைப்பது, ஈரத்துணி விரிப்பது, குளிர்ப்பெட்டிக்குள் வைத்தெடுப்பது ஆகியவற்றை நாம் அங்கங்கே கண்டிருக்கிறோம். நம் தீவின் காற்றில் ஈரம் மிகுதி. எப்பொருளும் 24 பாகை அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அதன்மேல் நீர் அரும்பும். இதனைப் பனிநிலை என்பர் இயற்பியலார். ஐஸ் மைலோ கோப்பையின் புறத்தே வழியும் நீர் நமக்குப் புதிதன்று. அது மின்சுற்றின்மேல் அரும்பினால், சூட்டுக்குத் தப்பிய கருவி நீருக்கு இரையாகும்.

மின்கலத்துக்கும் சூடு ஆகாது. இலித்தியம் மின்கலம் சூட்டில் விரைந்து மூப்படையும். எப்போதும் முழு நிறைவில், சூடான அறையில் கிடந்தால் இன்னும் விரைவாக. விசைப்பலகை நடுவே மேடிட்டாலோ, கருவி மேசைமேற் சமமாக நில்லாமல் ஆடினாலோ, உள்ளே மின்கலம் வீங்கியிருக்கிறது என்று அறிக. அதனை அழுத்தவும் குத்தவும் கூடாது. மின்னேற்றுவதையும் உடனே நிறுத்தவேண்டும். 2006-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம், சோனி செய்த 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் தீயிடர் அஞ்சித் திரும்பப் பெற்றது.

இறுதியாக, பெயரைப் பற்றி. மடிக்கணினி என்று நாம் அழகாகவே பெயரிட்டோம். ஆயின் அதனை மடியில் நெடுநேரம் வைக்கவேண்டா என்று செய்தவர்களே தம் குறிப்பேட்டில் எச்சரிக்கின்றனர். 2010-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர் இருவர், நாள்தோறும் சில மணிநேரம் மடியில் வைத்து விளையாடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனின் இடத் தொடையில் வலைபோற் படர்ந்த தழும்பினை மருத்துவ இதழில் விவரித்தனர். புதிய நோயன்று அது. அடுப்பருகே நாளெல்லாம் இருந்தோர்க்கும், காசுமீரத்தில் கங்கிரி என்னும் கனல்சட்டியை உடையினுள் அணைத்துக் குளிர்காய்ந்தோர்க்கும் வந்த அதே சூட்டுத் தழும்பு. நம் பிள்ளைகள் குட்டைக் காற்சட்டையோடு தரையில் அமர்ந்து கருவியைத் தொடைமேல் வைத்துக்கொள்கின்றனர். முக்காலியோ, ஒரு பலகையோ, பால் பொருள் வந்த தட்டையான அட்டைப் பெட்டியோ போதும், இடையில் வைக்க.